குங்ஃபூ ஃபார்ம் பயிற்சியைத் தியானமாகச் செய்யலாமா?

உட்கார்ந்து கண்ணை மூடினால் மனம் ஓடுகிறது, அதற்குப் பதிலாக குங்ஃபூ ஃபார்மையே (வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுகளின் தொகுப்பு) தியானமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. நான் விங் சுன் என்ற குங்ஃபூ வகையைப் பழகுகிறவன், அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

விங் சுன்னில் வெறுங்கை ஃபார்ம்கள் மூன்று: சியூ நிம் தாவ், சம் கியூ, பியூ ஜீ. தியானத்துக்கு முதலாவதே போதும். அதில் கால் இடம் மாறாது. குதிகால்களை வெளியே தள்ளி, கால்விரல்களை உள்பக்கம் திருப்பி, முழங்காலை லேசாக மடக்கி நின்றால் முடியும்வரை அதே நிலைதான்.

முதல் பகுதியை மட்டும் பாருங்கள். உள்ளங்கை மேலே பார்த்தபடி ஒரு கை நெஞ்சுக்கு நேராக, உடலின் நடுக்கோட்டில் மெல்ல முன்னே போகும். இதன் பெயர் 'தான் சாவ்'. மணிக்கட்டு சுழன்று, விரல்கள் மேலே நிமிர்ந்து, கை அதே கோட்டில் திரும்பி வந்தால் வூ சாவ். அப்புறம் மணிக்கட்டை மடக்கி மறுபடி முன்னே கொண்டுபோவது ஃபூக் சாவ். ஃபூக் சாவ் போவதும் வூ சாவ் வருவதுமாக மூன்று முறை. பிறகு அடுத்த கை.

பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். செய்து பார்த்தால் தெரியும். ஃபூக் சாவில் முழங்கை வெளியே போகத்தான் பார்க்கும். அதை உள்ளே கொண்டுவந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். தோளைத் தளர்த்தினால் முழங்கை மறுபடி விலகும். இரண்டையும் ஒன்றாகக் கவனிக்க முழு மனமும் வேண்டும். கொஞ்ச நேரம் நாளைய வேலையை யோசித்தாலும் முழங்கை விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். உட்கார்ந்து செய்யும்போது மனம் எங்கோ போய்விட்டதே வெகுநேரம் தெரியாது; இங்கே உடனே தெரிந்துவிடும். அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு இது பொருந்தும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

மனதை வெறுமையாக்கு என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. மனதுக்கு ஒரு வேலை கொடுங்கள், அது தானாக அடங்கும்.

விங் சுன் ஆசான் இப் மான் 1972 டிசம்பரில் காலமானார். அதற்குச் சில வாரங்கள் முன்பு இந்த ஃபார்மைச் செய்து காட்டிய படச்சுருள் இன்றும் இருக்கிறது. எழுபத்தொன்பது வயது, உடல்நிலை மோசம், ஆனாலும் கைகளில் அவசரமே இல்லை. அவருடைய மாணவர் சூ ஷோங் டின் இந்த ஒரு ஃபார்மிலேயே ஊறிப்போனவர். அவரை 'சியூ நிம் தாவின் ராஜா' என்று இப் மானே அழைத்தார்.

ஒரு சிக்கல் உண்டு. நன்றாக மனப்பாடமான பிறகு கை தன்பாட்டுக்குப் போகும், மனம் வேறெங்கோ இருக்கும். அப்போது அது வெறும் உடற்பயிற்சி. வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். அதுவும் பழகிவிட்டால் இன்னும் குறையுங்கள். முழங்கால் வலித்தால் பாதம் உள்ளே திரும்பும் அளவைக் குறைக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கூடவே ஒரு துணையோடு சீ சாவும் (இருவர் கைகளை ஒட்டவைத்துச் செய்யும் பயிற்சி) பழகுங்கள். அவர் கைமேல் உங்கள் ஃபூக் சாவ் இருக்கும்போது முழங்கை விலகியிருந்தால் குத்து நேராக நெஞ்சுக்கு வரும். தோள் இறுகியிருந்தால் அவர் இழுத்த பக்கமெல்லாம் நீங்களும் போவீர்கள். தனியாகச் செய்தபோது எதைக் கவனிக்காமல் விட்டீர்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.