பழைய பாவங்களை எவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும்?

குளச்சல் பக்கத்திலிருந்து எழுதும் அன்பர், இளமையில் மீன்பிடி வள்ளத்துக்கு (படகுக்கு) கணக்கு எழுதியபோது கூட்டாளிகளின் பங்கில் பணம் எடுத்ததை இருபது ஆண்டுகளுக்கு முன்பே பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, சொன்னதாகவும், "திருடினேன் சாமி" என்பதோடு நிறுத்திக்கொண்டது இன்றும் உறுத்துவதாகவும், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமா என்றும் கேட்கிறார்.

திருமுழுக்குக்குப் பின் செய்து இன்னும் அறிக்கையிடாத சாவான (மிகக் கனமான) பாவங்களில், கவனமான ஆன்ம சோதனைக்குப் பிறகு நினைவுக்கு வருபவற்றை வகையும் எண்ணிக்கையும் விளங்கச் சொல்ல வேண்டும் என்பதே 1983-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 988-ஆம் சட்டம். நடந்த கதை முழுவதும் தேவையில்லை. "வள்ளத்துக் கணக்கில் கூட்டாளிகளை ஏமாற்றினேன், மூன்று வருஷம், பெரும்பாலும் வாரம் ஒரு தடவை, அவர்களுக்கு அது பெரிய தொகை" என்றாலே குருவுக்குப் பாவத்தின் கனம் விளங்கிவிடும். துல்லியமான எண் நினைவில் இல்லையென்றால் ஏறத்தாழச் சொல்லலாம். உடந்தையாக இருந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டாம். அதைக் குரு கேட்பதையே 979-ஆம் சட்டம் தடுக்கிறது.

அன்று நீங்கள் எண்ணிக்கையை மறந்திருந்தாலோ, சொல்ல வேண்டுமென்று அறியாதிருந்தாலோ, அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லும், பாவமும் மன்னிக்கப்பட்டது. விடுபட்டதை அடுத்த முறை ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லிவிட்டு, பிறகு அதைக் கிளற வேண்டாம். வெட்கத்தால் வேண்டுமென்றே மறைத்திருந்தால் நிலை வேறு: மறைத்த பாவத்தையும், மறைத்ததையும், அந்த நிலையில் நற்கருணை வாங்கியதையும், அதன்பின் வந்த பாவசங்கீர்த்தனங்களில் சொன்ன சாவான பாவங்களையும் மீண்டும் சொல்ல வேண்டும். அதற்குத் திருவிழாக் கூட்டத்தின் நீண்ட வரிசை ஏற்றதன்று; பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே நேரம் கேளுங்கள். முன்பின் தெரியாத குருவிடம் செல்வதும் குற்றமில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது, உங்கள் கடிதம் தொடாத ஒன்று: எடுத்த பணம். இரவெல்லாம் கடலில் கிடந்து உழைத்தவர்களின் பங்கு அது. பாவம் மன்னிக்கப்பட்ட பின்னும், இயன்ற அளவு திருப்பிக் கொடுக்கும் கடமை நிற்கிறது. கூட்டாளி இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளிடம் சேர வேண்டும். உரியவர் எவரையும் கண்டறிய முடியாதபோதுதான் ஏழைகளுக்குக் கொடுப்பது முறை. உங்கள் பெயரை வெளியிட வேண்டியதில்லை. பாவசங்கீர்த்தன இரகசியத்தால் கட்டுண்ட குருவின் கையில் உறையைக் கொடுத்து, அவர் வழியாகச் சேர்ப்பிக்கக் கேட்கலாம். தொகை பெரிதென்றால், மாதந்தோறும் எவ்வளவு முடியும் என்பதை அவரிடமே பேசி முடிவு செய்யுங்கள்.