பாஸ்டர் சந்தோஷப்படச் சொல்கிறார், எனக்கு அழுகைதான் வருகிறது. என் விசுவாசம் குறைவா?

கேள்வி கேட்ட சகோதரி எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்திருக்கிறார். ஊரில் இருக்கும் அம்மா அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை. தங்கியிருப்பது அண்ணன் வீட்டில். அண்ணன் ஒருமுறை கை நீட்டிவிட்டார். சித்தி மகள் கல்யாணத்துக்கு எல்லோரும் கிளம்பியபோது இவரை மட்டும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாஸ்டரிடம் போய்ச் சொன்னால், தமக்காகத் துன்பப்படுகிறவர்களுக்கு இயேசு சொன்ன மத்தேயு 5:12ஐக் காட்டி, "சந்தோஷப்பட்டுக் களிகூருங்கள்" என்கிறார். இவருக்கோ ராத்திரியானால் அழுகை.

சகோதரி, உங்கள் விசுவாசம் குறைவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை எனக்குள் கேட்டுக்கொண்டு நான் ஐந்து வாரம் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவன்.

வேலைக்காக வடமாநிலம் ஒன்றில் சில வருடம் இருந்தேன். நான் கத்தோலிக்கன். அந்த ஊரில் கோவில் கிடையாது. பக்கத்து நகரத்துக்குப் போக பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வீட்டில் பதினொரு பேர் கூடி ஜெபிப்போம். எந்தச் சபை என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. ஒரு ஞாயிறு, இருபது முப்பது பேர் உள்ளே வந்துவிட்டார்கள். கத்தினார்கள், பைபிளைக் கிழித்தார்கள், ஒருவருடைய கண்ணாடியை உடைத்தார்கள். அப்புறம் எங்களைத்தான் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய்ச் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். இனி கூட மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

சிறுவயதிலிருந்து விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளின் கதை கேட்டு வளர்ந்தவன் நான். அப்படி ஒரு நாள் வந்தால் நெஞ்சை நிமிர்த்தி நிற்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று எனக்குத் தோன்றியதெல்லாம் பயமும் அவமானமும்தான். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. மறுநாள் அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டேன். மகிழ்ச்சி என்ற சொல்லே என் பக்கம் வரவில்லை.

ஆறாவது வாரம் என் அறைக் கதவை ஒருவர் தட்டினார். எங்களோடு ஜெபத்துக்கு வருபவர், அந்த ஊர்க்காரர், தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். "ஜெபத்துக்குக் கூப்பிட வரவில்லை. சாப்பிட்டீர்களா என்று பார்க்க வந்தேன்" என்றார். ஒரு பையில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் கொண்டுவந்திருந்தார். பைபிள் வசனம் ஒன்றுகூடச் சொல்லவில்லை, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவர் வீட்டில் நாங்கள் நான்கு பேர் கூடினோம். வெளியே சத்தம் கேட்கக் கூடாதென்று அவர் மனைவி அடுப்பில் குக்கரை வைத்திருந்தார். விசில் வரும்போது மட்டும் பல்லவியை வாய்விட்டுப் பாடுவது, விசில் நின்றதும் முணுமுணுப்பது. மூன்றாவது விசிலில் எங்கள் நான்கு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பயம் போகவில்லை, நிலைமையும் மாறவில்லை. ஆனால் இயேசு சொன்ன மகிழ்ச்சி எது என்று எனக்கு அன்றுதான் பிடிபட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த வசனத்தை உட்கார்ந்து படித்தேன். தமிழில் "களிகூருங்கள்" என்றால் மரியாதைக்காக ஒரே ஒருவரிடம் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளலாம், பலரிடம் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளலாம். கிரேக்க மூலத்தில் அந்தக் குழப்பம் இல்லை. அங்கே அது பன்மை. மலைமேல் தம்மைச் சுற்றி உட்கார்ந்திருந்த சீடர்களிடம், நீங்கள் எல்லோரும் சேர்ந்து, என்று சொன்னது. உங்கள் பாஸ்டர் அதை உங்கள் ஒருவர் தலையில் வைத்துவிட்டார். ஒரு கூட்டத்துக்குக் கொடுத்த கட்டளையை ராத்திரி இருட்டறையில் தனியாக நிறைவேற்றப் பார்த்தால் அழுகைதான் வரும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன் என்பதால் புனித தேவசகாயத்தைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர். நீலகண்டன் என்ற பெயரில் பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரியாக இருந்தார். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அதே மன்னருக்குத் தளபதியான டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பரானார். நீலகண்டனுக்கு அடுத்தடுத்துக் கஷ்டம், ஆடுமாடும் பயிரும் போயின. அந்த நேரத்தில் டிலனாய் அவருக்குச் சொன்ன கதை யோபுவினுடையது என்று எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

யோபு புத்தகத்தைத் திறந்து பாருங்கள் சகோதரி. பிள்ளைகளை இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி, நான் பிறந்த நாளே அழியட்டும் என்று கதறுகிறான். கடவுளையே கேள்வி கேட்கிறான். அவனைப் பார்க்க வந்த நண்பர்கள் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். பிறகு பேச ஆரம்பித்து, உன்னிடம்தான் ஏதோ குறை என்றார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் அந்த நண்பர்களைக் கடிந்துகொள்கிறார். என் ஊழியன் யோபு பேசியதே சரி என்கிறார். அழுது புலம்பியவன் பக்கம் கடவுள் நிற்கும் இந்தக் கதைதான் தேவசகாயத்தை விசுவாசத்துக்குக் கொண்டுவந்தது. உங்கள் ராத்திரி அழுகையை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர்கள் யோபுவின் நண்பர்கள் பேசிய பேச்சைத்தான் பேசுகிறார்கள்.

நீலகண்டன் 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தேவசகாயம் என்பது லாசர் என்ற பெயரின் தமிழ். மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியது மேல்மட்டத்தில் பலருக்கு ஆத்திரமூட்டியது. 1749இல் கைது, ராஜத்துரோகக் குற்றச்சாட்டு. அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்று வருடம். எருமை மேல் உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், காயத்தில் மிளகுப்பொடி தடவினார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள்.

இந்தச் சித்திரவதைகளைத்தான் பிரசங்கங்களில் அதிகம் கேட்டிருக்கிறேன். என் மனதில் நிற்பது பெருவிளை வேப்பமரம். அங்கே மாதக்கணக்கில் அவரைக் கட்டி வைத்திருந்தார்கள். அந்த மரத்தடிக்கு ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நோய்க்காக, குழந்தை வரத்துக்காக, சும்மா அவரைப் பார்ப்பதற்காக. கட்டப்பட்ட மனிதர் வந்தவர்களுக்காக ஜெபித்தார். அவரை யாரும் தனியாக விட்டுவிடவில்லை, அவரும் தன்னைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. மூன்று வருடத்தை அவர் தாண்டியது மனவுறுதியால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஞானப்பூ அம்மாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் போன பிறகு சொந்த ஊரில் இல்லாமல் வடக்கன்குளத்தில் விசுவாசிகள் நடுவே வாழ்ந்து, 1766இல் அங்கேயே காலமானார். அந்தப் பதினான்கு வருடத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. உறவை இழந்தவர் ஒவ்வொரு நாளும் எழுந்து தண்ணீர் இறைத்து, சோறு பொங்கி, ஜெபம் செய்து வாழ்ந்த வாழ்க்கை. உங்கள் நிலைமைக்கு அவர்தான் நெருக்கம். 2022 மே 15 அன்று வத்திக்கானில் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்ததை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோதும் நான் அந்த அம்மாளைத்தான் நினைத்தேன்.

அப்போஸ்தலர் பவுலும் துக்கம் தெரிந்தவர்தான். சந்தோஷமாயிருங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதிய பிலிப்பியர் நிருபம், அதாவது பிலிப்பி ஊர்ச் சபைக்கு அவர் எழுதிய கடிதம், காவலில் இருந்துகொண்டு எழுதியது. அதே நிருபத்தில், எப்பாப்பிரோதீத்து நோயில் செத்திருந்தால் எனக்குத் துக்கத்தின் மேல் துக்கம் வந்திருக்கும் என்றும் எழுதுகிறார். அவருக்கும் துக்கம் இருந்தது, ஒளிக்கவில்லை. அந்த எப்பாப்பிரோதீத்து யார்? பிலிப்பி சபையார் கொடுத்துவிட்ட உதவிகளைச் சுமந்துகொண்டு வந்தவர். நான் அதைப் படிக்கும்போதெல்லாம் உருளைக்கிழங்குப் பைதான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். நம்மைத் திட்டுகிற எல்லோரும் விசுவாசத்துக்காகத் திட்டுவதில்லை. பேதுரு அதைத் தெளிவாக எழுதுகிறார்: பிறர் காரியத்தில் தலையிட்டு அடி வாங்கினால் அது கிறிஸ்துவுக்காகப் பட்ட பாடு ஆகாது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் வீட்டில் சாமி கும்பிடுவதைக் கேவலமாகப் பேசிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்தீர்களா என்று எனக்குத் தெரியாது. ஏதாவது ஒரு வார்த்தை அம்மாவைக் குத்தியிருந்தால், அதற்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். விசுவாசத்துக்காக மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

அண்ணன் அடிப்பதைப் பொறுத்துக்கொள்வது சிலுவை சுமப்பது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு ஊரில் துன்பப்படுத்தினால் மறு ஊருக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னவரும் இயேசுதான். பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார், பிலிப்பியில் அடி வாங்கிப் பாடியவர், விடிந்ததும் "நாங்கள் ரோமக் குடிமக்கள், விசாரிக்காமல் எப்படி அடித்தீர்கள்?" என்று அதிகாரிகளைக் கேட்டார். உங்களுக்கும் அந்தக் குடியுரிமை இருக்கிறது. மனச்சாட்சிச் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 25வது பிரிவு தருகிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் கணவருக்கு எதிராக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் வாழும் அண்ணன் அடித்தாலும் அது செல்லும். பெண்களுக்கான உதவி எண் 181. இலவசச் சட்ட உதவிக்கு 15100. இந்த இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். தங்குவதற்கு வேறு இடம் பார்ப்பதும் தப்பில்லை.

சரி, ராத்திரிக்கு என்ன செய்வது? சபையில் உங்களைப் போலவே வீட்டை இழந்து வந்த அக்கா ஒருவர் நிச்சயம் இருப்பார். பாஸ்டரிடம் ஆலோசனை கேட்பதை விட்டுவிட்டு, அப்படிப்பட்டவரை அறிமுகப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள். வாரத்தில் ஒருநாள் அவர் வீட்டில் சாப்பிடுங்கள். ஜெபம் வந்தால் ஜெபியுங்கள், வராவிட்டால் காய் நறுக்கிக் கொடுங்கள்.

அம்மாவுக்குப் போன் செய்வதை நிறுத்தாதீர்கள். எடுக்காவிட்டாலும் அங்கே மணி அடிக்கும், திரையில் உங்கள் பெயர் தெரியும். கல்யாண வீட்டுச் சாப்பாடு எப்படி இருந்தது என்று ஒரு மெசேஜ் போடுங்கள்.