நெட்டை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்: கேள்வி பதில்

செங்கோட்டையில் முதலில் ரேடியோ ரிப்பேர், பிறகு பிரவுசிங் சென்டர் என்று பிழைப்பு ஓட்டியவன் நான். கடையை மூடிவிட்டேன், ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. ரேடியோ, மீட்டர் கேஜ் ரயில், தோட்டம் என்று யாராவது ஆசைக்காக இணையத்தில் எழுதிவைத்த நல்ல பக்கம் கண்ணில் பட்டால் அன்றைக்கே நகல் எடுத்துவிடுவேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். புளியரையிலிருந்து புனலூர் வரை கேள்வி வந்து குவிந்துவிட்டது. பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போடுகிறேன்.

புளியரை: அண்ணாச்சி, வால்வு ரேடியோ சர்க்யூட்கள் உள்ள ஒரு தளம். எழுதுகிறவர் வயதானவர் போல. நாலு வருடமாகப் புதிதாக ஒன்றும் போடவில்லை. முழுசாக எடுத்துவைக்க வழி உண்டா?

உண்டு, இந்த வாரமே செய்யுங்கள். டொமைனுக்கு, அதாவது தளத்தின் முகவரிப் பெயருக்கு, காலாகாலத்தில் பணம் கட்ட வேண்டும். கட்டுகிற மனிதர் படுத்துவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தவணை தப்பியதும் தளம் போய்விடும், யாரும் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள்.

ஒரு பக்கம், இரண்டு பக்கம்தான் வேண்டுமென்றால் சிங்கிள்ஃபைல் என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) பிரவுசரில் போட்டுக்கொள்ளுங்கள். எழுத்து, படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். எந்த முகவரியிலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் கோப்பின் தலையில் எழுதிவைக்கும். தளம் முழுவதும் வேண்டுமென்றால் எச்டிடிராக். 1998-லிருந்து இருக்கிற இலவச மென்பொருள், பார்க்கப் பழசாக இருக்கும், வேலை சுத்தம். வேகத்தைக் குறைத்து வைத்து இரவில் ஓட விடுங்கள். சின்ன சர்வரில் ஓடும் தளத்தைப் பத்து கையால் இழுத்தால் படுத்துவிடும். காப்பாற்றப் போய்க் கழுத்தை நெரித்த கதை ஆகிவிடும்.

இனி முக்கியமான விஷயம். சர்க்யூட் பக்கங்களில் முதலில் தெரிவது சின்னப் படம். அதைத் தட்டினால்தான் பெரியது திறக்கும். அது தனிக் கோப்பு. நீங்கள் பக்கத்தை மட்டும் சேமித்தால் வருவது கட்டைவிரல் அளவுப் படம்தான். என்னிடம் அப்படி எடுத்த ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஒரு ரெசிஸ்டர் 4.7 கே-யா 47 கே-யா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கறை. தளம் போய் வெகுநாள் ஆகிவிட்டது. ஆகவே சேமித்து முடித்ததும் நெட்டை அணைத்துவிட்டு அந்தக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு படத்தையும் தட்டிப் பாருங்கள். திறந்தால்தான் உங்களிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

கம்பம்: நான் எல்லாவற்றையும் புக்மார்க் போட்டு வைத்திருக்கிறேன். போதாதா?

போதாது. நீங்கள் வைத்திருப்பது விலாசம் மட்டும். 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் சொன்னது. உங்கள் புக்மார்க்கில் பழைய பத்தைத் தட்டிப் பாருங்கள், கணக்கு உங்களுக்கே தெரியும்.

சுரண்டை: ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் ஆகாதா அண்ணாச்சி?

அவசரத்துக்கு ஆகும். ஆனால் அதில் தேட முடியாது, எழுத்தை நகலெடுக்க முடியாது, சுட்டி எதுவும் வேலை செய்யாது. எந்தப் பக்கம் என்பதே ஆறு மாதத்தில் மறந்துவிடும். ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

கூடலூர், தேனி மாவட்டம்: ஏலக்காய்ச் செடி நோய் பற்றித் தமிழில் நன்றாக எழுதிய ஒரு பிளாகர் பக்கம். பழைய சுட்டியைத் தட்டினால் திறக்கவே மாட்டேன் என்கிறது. போய்விட்டதா?

முகவரியின் கடைசியைப் பாருங்கள். பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று இருந்தால் அதை டாட் காம் என்று மாற்றித் தட்டுங்கள். 2012 வாக்கில் இந்தியாவில் பார்க்கிறவர்களை கூகுள் டாட் இன்னுக்குத் திருப்பிவிட்டது. ஆளாளுக்கு அந்த முகவரியையே நகலெடுத்துப் பகிர்ந்தார்கள். 2020-ல் அந்த டாட் இன் டொமைன் கூகுளின் கையை விட்டே போய்விட்டது. அப்படிச் செத்ததாக நினைத்த தமிழ்ப் பக்கங்கள் எத்தனையோ டாட் காமில் உயிரோடு இருக்கின்றன. திறந்ததும் சந்தோஷப்பட்டுவிட்டு மூடிவிடாதீர்கள். நகல் எடுங்கள்.

பாறசாலை: 2000 வாக்கில் எடுத்துவைத்த தமிழ்ப் பக்கங்கள் என் பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. நாணயம் சேர்ப்பது பற்றியவை. திறந்தால் எல்லாம் கிறுக்கலாகத் தெரிகிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. நல்ல கேள்வி, இதற்காகவே உட்கார்ந்தேன்.

எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளமும் தன் எழுத்துருவைத் தானே வைத்துக்கொண்டது. டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கு ஒரு வழி. 1999-ல் சென்னையில் மாநாடு கூட்டி டாபையும் டாமையும் தரப்படுத்தினார்கள். அதற்குப் பிறகும் பழைய வழிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சில தளங்கள் எழுத்துருவைப் பக்கத்தோடு தானாக இறங்கும்படி செய்திருந்தன. அது பெரும்பாலும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் வேலை செய்தது. இன்று அதே பக்கம் திறந்தால் கிறுக்கல்தான்.

கிறுக்கலைப் பார்த்தே வகை சொல்லலாம். ஆங்கில எழுத்தின் தலையில் கொம்பும் வாலும் முளைத்த மாதிரி இருந்தால் பெரும்பாலும் டிஸ்கி, டாப், டாம் மூன்றில் ஒன்று. வெறும் ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக இருந்தால் பாமினி. 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக நிற்கும். பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றித் தரும் என்.எச்.எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றில் ஒட்டி, வகையை மாற்றி மாற்றிப் பாருங்கள். சரியானது மாட்டியதும் தமிழ் அப்படியே எழுந்து வரும். முதல் முறை எனக்கு வந்தபோது வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, அது வேறு.

மாற்றிய பிறகு பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள். அந்த எழுத்துருக் கோப்பு கிடைத்தால் அதையும் அதே ஃபோல்டரில் போடுங்கள். கன்வெர்ட்டர் சில கூட்டெழுத்தில் தடுக்கும், மூலத்தைப் பார்த்துத்தான் சரி செய்ய வேண்டிவரும்.

தென்காசி: வேபேக் மெஷினில் எல்லாம் இருக்கிறதே. நாம் எதற்கு மெனக்கெட வேண்டும்?

இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996-லிருந்து சேமிக்கிறது, 2001-லிருந்து வேபேக் மெஷினாகப் பொதுமக்கள் பார்க்க வைத்திருக்கிறது. கும்பிட வேண்டிய காரியம். ஆனால் எல்லாம் இருக்கிறது என்பது தப்பு. முதல் பக்கம் இருக்கும், உள்பக்கம் இருக்காது. எழுத்து இருக்கும், படம் இருக்காது. லாகின் கேட்கும் பக்கம் பெரும்பாலும் இருக்காது. உங்களுக்கு வேண்டிய முகவரியை நீங்களே அங்கே கொடுத்துச் சேமிக்கச் சொல்லலாம், அதைக் கட்டாயம் செய்யுங்கள். கூடவே வீட்டிலும் ஒன்று. 2024 அக்டோபரில் அந்தத் தளத்தையே தாக்கிப் பல நாள் முடக்கிப்போட்டார்கள்.

கடையநல்லூர்: கூகுள் தன்னிடம் எடுத்துவைக்கும் கேஷில் பழைய நகல் பார்க்கலாமே?

2024-லேயே எடுத்துவிட்டார்கள்.

குமுளி: ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதுமா?

சுரண்டைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

வண்டிப்பெரியாறு: எஸ்டேட்டில் இருக்கிறோம் அண்ணா. கம்ப்யூட்டர் இல்லை, போன் மட்டும்தான். சிக்னலும் மாடிப்படியில் நின்றால்தான் வரும். எம்பிராய்டரி டிசைன் பக்கங்கள் வேண்டும்.

தங்கச்சி, போனில் பிரிண்ட் கொடுத்து பி.டி.எஃப் ஆகச் சேமியுங்கள். பக்கத்தைக் கடைசி வரை ஒருமுறை மெதுவாகத் தள்ளிவிட்டுப் பிறகு சேமியுங்கள். கீழே உள்ள படங்கள் நாம் அங்கே போன பிறகுதான் இறங்கும். போகாமல் சேமித்தால் வெறும் கட்டம்தான் வரும். பெரிய டிசைன் படத்தைத் தனியாக அழுத்திப் பிடித்து இறக்குங்கள். கோப்பின் பெயரில் தளத்தின் பெயரும் தேதியும் போடுங்கள். அப்புறம் ஃப்ளைட் மோட் போட்டுத் திறந்து பாருங்கள். மாடிப்படியை விட்டு இறங்கினாலே போதும், உங்களுக்கு அந்தச் சோதனை தானாக நடந்துவிடும்.

சங்கரன்கோவில்: பெரிய கம்பெனி நடத்துகிற இடத்தில் இருந்தால் பயமில்லைதானே?

ஜியோசிட்டீஸ், ஆளாளுக்கு இலவசமாகப் பக்கம் போட்ட இடம், யாகூ கையில் இருந்தது, 2009-ல் மூடினார்கள். ஆர்குட், கூகுளுடையது, 2014. யாகூ குரூப்ஸ் 2020. படம் ஏற்றிவைக்கும் ஃபோட்டோபக்கெட் மூடவில்லை, ஆனால் 2017-ல் வெளித்தளங்களில் படம் தெரிய வேண்டுமென்றால் பணம் என்றது. ஊர்ப்பட்ட செய்முறைப் பக்கங்களில் எழுத்து மட்டும் நின்றது, 'கீழே படத்தில் உள்ளபடி' என்ற வரிக்குக் கீழே படம் இல்லை. எச்டிடிராக்கில் வெளித்தளப் படங்களையும் எடுக்கச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது. அதைப் போடுங்கள். நெட்டை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

ஆலங்குளம்: அழிந்துபோன போட்டோக்களை போனிலிருந்து மீட்பது எப்படி?

நல்ல செல்போன் கடையில் கேளுங்கள். நான் வலைப்பக்கக்காரன்.

பாவூர்சத்திரம்: அடுத்தவர் எழுதியதை எடுத்துவைப்பது திருட்டு இல்லையா? என் மகன் சொல்கிறான்.

சொந்தமாகப் படிக்க ஒரு நகல் வைத்துக்கொள்வதை 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நியாயமான பயன்பாடாக ஏற்கிறது. அதையே உங்கள் பெயரில் வெளியே போட்டால் மகன் சொல்வது சரி. எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான் போட்டதில் பாதிப் பேர் மூலக் கோப்புகளையே அனுப்பிவைத்தார்கள். கேட்க ஒரு ஆள் வந்ததே அவர்களுக்குச் சந்தோஷம்.

புனலூர்: நீங்கள் எடுத்துவைத்த மீட்டர் கேஜ் பக்கத்தைப் பார்த்தேன். பதிமூன்று கண் பாலத்தின் படத்துக்குக் கீழே 'செங்கோட்டை அருகே' என்று இருக்கிறது. அது கழுதுருட்டியில் இருக்கிற பாலம், கொல்லம் மாவட்டம். உங்கள் நகலில் திருத்திவிடுங்கள்.

திருத்த மாட்டேன். அது எழுதியவருடைய வரி.

கழுதுருட்டி: அதெப்படி? எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரிகிற பாலம். தப்பைத் தெரிந்தே வைத்திருப்பீர்களா?

தென்காசி: அந்த லைனே செங்கோட்டை லைன்தானே. அருகே என்றால் என்ன தப்பு?

புனலூர்: மலையையும் குகையையும் தாண்டி இந்தப் பக்கம் இருப்பது எப்படி உங்களுக்கு அருகே ஆகும்?

செங்கோட்டை: 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே உங்கள் பக்கம்தான் இருந்தது, ஞாபகம் இருக்கட்டும்!

போதும் போதும். இதே சங்கதியில் மட்டும் முப்பது செய்தி வந்துவிட்டது, மற்றவர்கள் கேள்வி அடியில் கிடக்கிறது. பாலம் கழுதுருட்டிப் பக்கம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் நகலில் கை வைக்க மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

அந்த மனிதர் செங்கோட்டையில் ரயில் ஏறி வந்தவர். அவருக்கு வழியெல்லாம் செங்கோட்டை அருகேதான். அந்த வரி அவர் எங்கிருந்து பார்த்தார் என்பதைச் சொல்கிறது. நான் ஒரு சொல்லை மாற்றினால், நாளைக்குப் பார்க்கிறவருக்கு எது அவர் எழுதியது, எது நான் எழுதியது என்று தெரியாது.

பட்டும் இருக்கிறேன். ஒரு சர்க்யூட் பக்கத்தில் அவுட்புட் வால்வின் கேத்தோடு ரெசிஸ்டர் 220 ஓம் என்று இருந்தது. எனக்குத் தெரிந்த செட்டில் 150. பிழை என்று முடிவு கட்டி, என் நகலிலேயே 150 என்று திருத்திவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அதே மாடல் ஒன்று கைக்கு வந்தது. என் நகலை நம்பி 150 போட்டேன். அரை மணி நேரத்தில் வால்வின் உள்தகடு லேசாகச் சிவந்தது. அது வேறு வால்வு போட்ட மாடல், எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். நல்லவேளை, 220 என்று இருந்தது நினைவில் நின்றது. நினைவில் நின்றதே தவிர, மூலப் பக்கம் எங்கும் இல்லை.

ஆகவே ஒரு தனிக் குறிப்புக் கோப்பு வையுங்கள். 'படம் 7: பாலம் இருப்பது கழுதுருட்டியில், புனலூர் நண்பர் சொன்னது' என்று நான் இப்போதே எழுதிவிட்டேன். கழுதுருட்டிக்காரருக்கு இதில் திருப்தி இல்லை என்று தெரியும். அவர் திண்ணையிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினால் அதையும் பக்கத்தில் வைக்கிறேன்.

சிவகிரி: ஸ்கிரீன்ஷாட்...

அய்யா!

அம்பாசமுத்திரம்: சி.டி.யில் எழுதி வைக்கலாமா?

வேண்டாம். என்னுடைய பழைய சி.டி.களில் பாதி இன்று படிக்கவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு பென் டிரைவ், மூன்றாவது வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில். வருடம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஆரியங்காவு: பாலத்துக்காக இவ்வளவு பேர் சண்டை போட்டீர்களே, அந்தப் பக்கத்தை உங்களைத் தவிர வேறு யாராவது சேமித்தார்களா?

நானும் அதையேதான் தனித்தனியாகக் கேட்டேன் தம்பி. புனலூர்க்காரர் ஒருவர், வண்டிப்பெரியாறு தங்கச்சி ஒருவர். தங்கச்சிக்கு ரயிலே பிடிக்காது, பழகிப் பார்க்க எடுத்தாராம். அந்தப் படங்கள் எல்லாம் 2010-ல் மீட்டர் கேஜ் நிற்பதற்கு முன் எடுத்தவை. 2018-ல் அகலப் பாதையில் ரயில் திரும்பி வந்தது, ஆனால் அந்த வண்டி வரப்போவதில்லை. மூலத் தளம் இன்று காலை ஆறு மணிக்குத் திறந்தது. படம் 4 மட்டும் வரவில்லை.