எலி கொடுக்கும் சாட்சியம்

கேள்வி: புதிய வலிநிவாரணி ஒன்று மார்ஃபினைப் போன்றதா என்று எலியை வைத்தே கண்டுபிடிப்பார்களாமே? வாயில்லாத ஜீவன் எப்படிச் சொல்லும்?

பதில்: அழுத்திக் காட்டும். கூண்டில் இரண்டு லீவர்கள், நடுவே தீனி விழும் குழி. மார்ஃபின் ஊசி போட்ட நாளில் இடது லீவரைப் பத்து முறை அழுத்தினால் ஓர் உருண்டை விழும். உப்புக்கரைசல் போட்ட நாளில் வலது லீவருக்குத்தான் விழும். குத்தும் ஊசி ஒன்றுதான், கூண்டும் ஒன்றுதான். தன் உடம்புக்குள் நடப்பதை வைத்தே எலி முடிவு செய்தாக வேண்டும். பழகுவதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

நாங்கள் எண்ணுவது முதல் உருண்டைக்கு முந்தைய அழுத்தங்களை மட்டுமே. தீனி விழுந்தபின் அதே லீவரை அழுத்த எந்த மந்த எலிக்கும் தெரியும்.

தொடக்க நாட்களில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரே கூண்டில் எல்லா மார்ஃபின் எலிகளையும் அடுத்தடுத்து விட்டேன். பின்னால் வந்தவை அபாரமாகத் தேறின. முந்தைய எலி லீவரில் விட்டுப்போன வாசனையை மோப்பம் பிடித்துக் காப்பியடித்திருக்கின்றன! அதன்பிறகு ஒவ்வோர் எலிக்கும் ஆல்கஹாலில் லீவரைத் துடைத்தேன். ஊசிகளின் வரிசையையும் கலைத்துப் போட்டேன்.

தேறிய எலிக்கு மார்ஃபின் வகை மருந்துகளான ஃபென்டனிலோ மெத்தடோனோ கொடுத்தால், மூலக்கூறு வேறாக இருந்தும், மார்ஃபின் லீவருக்கே போகும். கோகெயின் கொடுத்தால் போகாது. மார்ஃபினின் முறிமருந்தான நாலக்ஸோனை முன்கூட்டியே போட்டு, மார்ஃபின் போய் ஒட்டும் இடங்களான ஏற்பிகளை அடைத்துவிட்டால், மார்ஃபின் ஏற்றிய எலியும் உப்புக்கரைசல் லீவரைத்தான் தேடும். எனக்குப் பிடித்தது லெவார்ஃபனால், டெக்ஸ்ட்ரார்ஃபன் ஜோடி. இரண்டின் மூலக்கூறுகளும் வலக்கை இடக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். லெவார்ஃபனாலை மார்ஃபின் என்கிறது எலி. டெக்ஸ்ட்ரார்ஃபனை அப்படிச் சொல்வதில்லை.

கேள்வி: அப்படியானால் எலிக்கு அந்தப் போதை பிடித்திருக்கிறது என்று அர்த்தமா?

பதில்: இல்லை. இங்கே எலியிடம் கேட்பது “இது அதுதானா?” என்று மட்டும். பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேறு சோதனை உண்டு: ரத்தக்குழாயில் மெல்லிய குழாய் செருகி, லீவரை அழுத்தி மருந்தை எலி தானே ஏற்றிக்கொள்ள விடுவார்கள். மார்ஃபினுக்கு அடிமையாக்கப்பட்ட குரங்குகளுக்கு, நாலக்ஸோனைப் போலவே மார்ஃபினைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோனை அடையாளம் காணவும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊசி தருவது மார்ஃபினை விலக்கும்போது வரும் அவஸ்தை. அதையும் குரங்குகள் தவறாமல் அடையாளம் காட்டின.