பழைய மடக்குக் கேமராவுக்குப் புதுத் துருத்தி: இருட்டைவிட மடிப்புதான் பெரிய வேலை

கேள்வி: தாத்தா வைத்திருந்த அக்ஃபா ஐசோலெட் 2 கேமராவில் 120 ஃபிலிம் போட்டுப் படம் எடுத்தேன். பன்னிரண்டு படங்களில் பாதிக்கு மேல் வெள்ளைத் திட்டுகள். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கறுப்புத் துருத்தியின் மூலைகளில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். டேப் ஒட்டினால் போதுமா? புதிதாகச் செய்வது என்றால் எந்தத் துணி, எந்தப் பசை?

பதில்: முதலில் குற்றவாளி துருத்திதானா என்று பார்த்துவிடுங்கள். நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். பிரிண்டில் வெள்ளையாகத் தெரிந்த இடம் இதில் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பு படத்தின் சதுரத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் துருத்தியையோ ஷட்டரையோ சந்தேகப்படலாம். எண்கள் அச்சாகியிருக்கும் ஓரப்பட்டைக்கும் பரவியிருந்தால் வெளிச்சம் பின்பக்கமாக வந்திருக்கிறது. பின்கதவு சரியாக மூடாமலோ, படத்தின் எண்ணைப் பார்க்கப் பின்கதவில் இருக்கும் சிவப்பு ஜன்னலில் கசிவோ, சுருளைத் தளர்வாகச் சுற்றியதோ காரணமாக இருக்கும். அதற்குத் துருத்தியை மாற்றிப் பிரயோஜனமில்லை.

அடுத்தது டார்ச் சோதனை. ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, சின்ன எல்.இ.டி. டார்ச்சை உள்ளே நுழைத்து, இருட்டறையில் துருத்தியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது கொடுங்கள். அவசரப்பட்டால் மிகச் சின்ன ஓட்டைகள் தப்பிவிடும். துருத்தியை மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். சில ஓட்டைகள் மடிப்பு விரியும்போதுதான் வாய் திறக்கும்.

உங்களுடையது ஐசோலெட் என்பதால் ஓட்டை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐசோலெட்டுகளில் தோலுக்குப் பதில் செயற்கைப் பூச்சு ஏற்றிய துணியைப் போட்டார்கள். மூலைகளில் அந்தப் பூச்சு வெடித்து உதிரும். அதே காலத்து ஜெய்ஸ் ஐகான் கேமராக்களில் தோல் துருத்தி இன்றும் நன்றாக இருப்பதைப் பார்க்கலாம். தோலில் ஒன்றிரண்டு ஓட்டை என்றால், கறுப்பு அக்ரிலிக் பெயின்ட்டைக் கொஞ்சம் ஃபெவிகாலோடு குழைத்து மெல்லிசாகத் தடவினால் பல நாள் தாங்கும். ஐசோலெட்டில் இன்று நான்கு மூலையை அடைத்தால் நாளை இன்னும் நான்கு திறக்கும். புதிதாகச் செய்வதே மேல். எலக்ட்ரிகல் டேப் மட்டும் வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் பசை இளகி, மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொண்டு, இருக்கிற துருத்தியையும் கிழித்துவிடும்.

இனி புதுத் துருத்தி. எல்லோரும் முதலில் கேட்பது, வெளிச்சம் புகாத துணி எது என்பதுதான். அது சுலபம். சிக்கல் தடிமனில். வெளிச்சம் துளிகூட வராத, ஆனால் மடித்தால் கேமரா மூடாத துருத்தியைச் செய்துவிட்டுக் கையைப் பிசைகிறவர்கள் நிறைய.

கணக்கு போட்டுப் பார்ப்போம். திறந்த நிலையில் துருத்தி எட்ட வேண்டிய தூரம் 70 மி.மீ. என்று வையுங்கள். விறைத்து நிற்கக் கூடாது என்பதால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நீளம் வேண்டும், 90 மி.மீ. என்று கொள்வோம். இரண்டு மடிப்புக் கோடுகளுக்கு நடுவே வரும் ஒவ்வொரு பட்டையும் 5 மி.மீ. அகலம் என்றால் 18 பட்டைகள். உள்துணி 0.15, நடுவில் அட்டை 0.2, வெளித்துணி 0.15, பசை 0.05 எல்லாம் சேர்த்து 0.55 மி.மீ. பதினெட்டையும் மடித்து அடுக்கினால் ஏறத்தாழ 10 மி.மீ. இதையே வெளித்துணிக்குப் பதில் 0.5 மி.மீ. தோலும், நடுவில் 0.3 மி.மீ. அட்டையும் வைத்துச் செய்தால் 18 மி.மீ. ஆகிவிடும். கேமரா மூடாது, அல்லது அழுத்தி மூடினால் லென்ஸைத் தாங்கும் முன்பலகை வளையும். பட்டையை அகலமாக்கி எண்ணிக்கையைக் குறைக்கலாமே என்று தோன்றும். அகலப் பட்டை உள்பக்கம் அதிகம் நீட்டிக்கொண்டு, 56 மி.மீ. சதுரப் படத்தின் ஓரங்களை மறைக்கும். ஆகவே பழைய துருத்தியின் பட்டை அகலத்தையே பின்பற்றுங்கள். அதை வடிவமைத்தவர்கள் இந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டுவிட்டார்கள்.

அதனால்தான் பழைய துருத்தியைத் தூக்கி எறியாதீர்கள் என்கிறேன். கழற்றுவதற்கு முன்பே, மடித்த நிலையில் அதன் தடிமனையும் திறந்த நிலையில் நீளத்தையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். லென்ஸ் பலகையின் உள்பக்கம் ஷட்டரைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றினால் முன்முனை விடுபடும். அங்கே மெல்லிய வாஷர் ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்தி, அதே வரிசையில் திரும்பப் போடுங்கள். இல்லாவிட்டால் ஃபோகஸ் மாறும். லென்ஸின் முன்கண்ணாடியைத் திருகிக் கழற்ற வேண்டாம். பின்முனை சில கேமராக்களில் தகரச் சட்டத்தில் இறுக்கியிருக்கும், சிலவற்றில் வெறுமனே ஒட்டியிருக்கும். கழற்றியதும் துருத்தியை அதன் ஒட்டுக்கோட்டிலேயே வெட்டி விரித்து, ஜெராக்ஸ் எடுத்தால் வார்ப்புரு தயார். லென்ஸ் பக்கம் குறுகிக்கொண்டு வருவதால், விரித்த துணி விசிறி மாதிரி வளைந்து இருக்கும்.

பொருளுக்கு வருவோம். உள்ளே பளபளப்பில்லாத மெல்லிய கறுப்புத் துணி. பளபளத்தால் வெளிச்சம் உள்ளேயே எதிரொளித்துப் படம் வெளிறிப்போகும். வெளியே ரப்பரோ பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சோ ஏற்றிய மெல்லிய நைலான் துணி. சாதாரணக் குடைத்துணி தனியாகப் போதாது. கடையிலேயே செல்போன் டார்ச்சை அதன் அடியில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அட்டைக்கு விசிட்டிங் கார்டு தடிமன் கூடாது. அதில் பாதி போதும். தோலில்தான் செய்வேன் என்றால் சென்னை பெரியமேட்டில் ஆட்டுத்தோல் கிடைக்கும். ஆனால் 0.3 மி.மீ. அளவுக்குச் சீவித் தரச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டால் துணிதான்.

பசைக்கு ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசையை மெல்லிசாக, பரவலாகத் தடவினால் போதும். மைதாப் பசை வேண்டாம். பைண்டிங்காரர்கள் மயில்துத்தம் கலந்து பூச்சியை விரட்டுவார்கள் என்றாலும், கேமராவுக்குள் ராமபாணப் பூச்சிக்கு விருந்து எதற்கு?

உள்துணியில் வார்ப்புருவை வரைந்து, அட்டைப் பட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். மூலைக்கோட்டுக்குச் சற்று முன்பே பட்டை முடிந்து, அதன் முனை சாய்வாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். மூலையில் அட்டை புகுந்தால் அது மடியாது, மடித்தாலும் அங்கேதான் முதலில் கிழியும். அப்புறம் வெளித்துணியை மேலே ஒட்டுங்கள். இரண்டு துணிகளின் ஒட்டுக்கோடுகளும் ஒரே இடத்தில் வரக் கூடாது. இரண்டையுமே மூலையில் வைக்காமல், அடிப்பக்கத்தில் கொஞ்சம் தள்ளித் தள்ளி வையுங்கள்.

பசை முழுதும் இறுகும் முன்பே மடிக்கத் தொடங்குங்கள். விதி ஒன்றுதான். மேலும் கீழும் ஒரு மடிப்பு வெளியே வந்தால், அதே கோட்டில் இடமும் வலமும் உள்ளே போக வேண்டும். அடுத்த கோட்டில் அப்படியே தலைகீழ். அகலமான முனையில் ஆரம்பித்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூலையைக் கிள்ளிக் கிள்ளி ஒரு சுற்று முடித்தபின் அடுத்த சுற்றுக்குப் போங்கள். முதல் இரண்டு சுற்று முரண்டு பிடிக்கும்; பிறகு அட்டைகளே வழிகாட்டும். இதைத் துணியில் செய்வதற்கு முன் சாதாரணத் தாளில் ஒருமுறை மடித்துப் பார்த்துவிடுவது நல்லது. மடித்து முடித்ததும் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு இரவு விடுங்கள்.

பொருத்தும்போது துருத்தி முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள். பின்முனையை ஒட்டுவதற்கு முன் டார்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பொருத்தியபின் ஷட்டரை ‘பி’யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்துவைத்து, ஃபிலிம் இருக்கும் இடத்தில் ட்ரேசிங் பேப்பரைக் கட்டித் தூரத்துக் கட்டடம் ஒன்றைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால், துருத்தி விறைப்பாக இருந்து முன்பலகையைச் சாய்க்கிறது என்று அர்த்தம். சில நாள் மடித்தே வைத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

ஃபிலிம் போட்டபின் கேமராவைப் பட்டென்று திறக்காதீர்கள். புதுத் துருத்தி காற்றை உள்ளே விடாது. திறக்கும் வேகத்தில் ஃபிலிமை முன்னால் உறிஞ்சி இழுத்துவிடும். மெதுவாகத் திறந்து, அதன் பிறகே அடுத்த எண்ணுக்குச் சுற்றுங்கள்.