பே ஸ்லிப்பில் 33,000, சமையலறைக்கு 10,800: டாப்-அப் லோன் வாங்கலாமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் துணை சுகாதார நிலையம் ஒன்றில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். நிரந்தரப் பணி. அடிப்படை ஊதியம் 20,700; கைக்கு 29,300 வருகிறது. குடியிருப்பது குவார்ட்டர்ஸில். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், வருமானம் நிலையில்லை. இரண்டு பிள்ளைகள். பெர்சனல் லோன் 3.5 லட்சம், 12 சதவீதம், 5 வருடம். 22 மாதம் கட்டியாகிவிட்டது. அடகுக் கடையில் இரண்டு ரசீதாக 70,000, 50,000. நூற்றுக்கு இரண்டு வட்டி. 20 மாத ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில் 12 மாதம் முடிந்தது, இன்னும் எடுக்கவில்லை. மாசக் கடைசியில் கைமாத்து வாங்காமல் ஓடுவதில்லை. அரசு சம்பளம் ஏன் போதவில்லை ஐயா? வங்கியில் 2 லட்சம் டாப்-அப் தருகிறார்களாம், வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். முதலில் உங்கள் பே ஸ்லிப்பைப் பார்ப்போம்.

அடிப்படை 20,700. 2025 ஜூலை முதலான 58 சதவீத அகவிலைப்படி 12,006. மருத்துவப்படி 300. குவார்ட்டர்ஸில் இருப்பதால் வீட்டு வாடகைப்படி இல்லை. ஆக 33,006. இதில் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு 10 சதவீதம், 3,271 போகிறது. காப்பீடு, குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு 400 சொச்சம். மீதிதான் உங்கள் 29,300.

இனி பே ஸ்லிப்பில் வராத பிடித்தம். குக்கிராமங்களைச் சுற்ற நாளைக்கு 40 கிலோமீட்டர் என்றால் 24 நாளில் 960. ஸ்கூட்டி 45 கொடுத்தாலும் 21 லிட்டர், சுமார் 2,200 ரூபாய். சர்வீஸ், டயருக்கு மாதம் 500. பிக்மி (கர்ப்பிணிகள், குழந்தைகள் விவரத்தை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவுக்கு ரீசார்ஜ் 300, ஜெராக்ஸ், ரெஜிஸ்டருக்கு 300. மொத்தம் 3,300. வேலை பார்ப்பதற்கான செலவு உங்கள் பர்ஸிலிருந்து போகிறது. உண்மையான சம்பளம் 26,000தான். உங்கள் பணியிடத்துக்கு நிலையான பயணப்படி உண்டா, அரசின் சம்பளக் கணினி முறையான 'களஞ்சியம்' செயலியில் ஏறியிருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலைய அலுவலகத்தில் இந்த மாதமே கேளுங்கள். பாக்கி இருந்தால் மார்ச்சுக்குள் பில் போட வையுங்கள்; நிதியாண்டு முடிந்தால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும்.

அந்த 26,000இல் லோன் தவணை 7,786, அடகு வட்டி 2,400, சீட்டு 5,000. வீட்டுக்கு மிஞ்சுவது 10,800. நாலு பேருக்கு இது போதாது என்பது நிஜம். ஆனால் அதை முழுக்கச் சம்பளத்தின் குறையென்று சொல்ல மாட்டேன். 2015இல் 7,700 ரூபாயில் எடுத்து, இன்று 18,000 தொகுப்பூதியத்தில் நிற்கும் ஒப்பந்த செவிலியர்களுக்கு அகவிலைப்படி இல்லை. சம்பளமே போதவில்லை என்று அவர்கள் சொன்னால் மறுபேச்சில்லை.

டாப்-அப்பில் நடப்பது இதுதான். உங்கள் பாக்கி அசல் 2.45 லட்சம். அதை முடித்து, 2 லட்சம் சேர்த்து, 4.45 லட்சத்துக்குப் புதிதாக 5 வருடம் எழுதுவார்கள். தவணை 9,899. 'ரெண்டாயிரம்தானே கூட' என்பார்கள். 38 மாதத்தில் முடிய வேண்டிய கடன் 60 மாதமாகும். கையில் வாங்கும் 2 லட்சத்துக்காகக் கூடுதலாகக் கட்டுவது 2.98 லட்சம், பிராசசிங் கட்டணம் தனி.

அதற்குப் பதில் நகையை மீட்க வழி இருக்கிறது. இந்த மாதச் சீட்டை ஏலத்தில் எடுங்கள். 8,000 தள்ளிப் போனால் 92,000 கிடைக்கும். அதில் 70,000 ரசீதை ஒரு மாத வட்டியோடு 71,400 கொடுத்து மீட்டால் கையில் 20,600. அந்த நகையிலிருந்து தேவையானதை மட்டும் கூட்டுறவு வங்கியில் 31,000க்கு வையுங்கள். கையில் 51,600 ஆகும். இரண்டாவது ரசீதுக்கு 51,000. மீதி 600 மதிப்பீட்டுக் கட்டணத்துக்கு ஆகும். தங்கம் ஏறியிருக்கிறது, சிறிய வளையல் ஜோடியே போதலாம். மொத்த நகையையும் தட்டில் கொட்டினால் 'இன்னும் தரலாமே' என்று ஆசை காட்டுவார்கள். 10 சதவீத வட்டியென்றால் மாதம் 260; இப்போது போவது 2,400. தாமதமாகும் மாதத்துக்கெல்லாம் அடகுக் கடை வட்டி ஏறும் என்பதால் மூன்று வேலையையும் ஒரே நாளில், வங்கி திறந்திருக்கும் காலையில் முடியுங்கள். கடையில் நகையை எடை போட்டுப் பார்த்த பிறகே ரசீதைக் கொடுங்கள்.

சீட்டில் கழிவு வருகிற மாதம் கொஞ்சம் குறைவாகக் கட்டுவீர்கள். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஓய்வூதியப் பிடித்தத்தை நம்பி அவசரத்துக்கு இருக்க முடியாது. 2025 வரையிலான பங்களிப்புத் திட்டப்படி அரசும் உங்கள் அளவுக்கே போட்டது, 7.1 சதவீத வட்டி சேர்ந்தது, ஆனால் இடையில் முன்பணம் எடுக்க வழியில்லை. வருடம் ஒருமுறை கணக்குச் சீட்டை இறக்கி, பன்னிரண்டு மாதமும் வரவாகியிருக்கிறதா பாருங்கள். விடுபட்ட மாதம் சாதாரணமாக நடப்பது. சீக்கிரம் எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் சரியாகும்.

வரி மிச்சம் என்று பாலிசி விற்க வருபவரிடம் டீ மட்டும் குடியுங்கள். உங்கள் வருட வருமானம் 4 லட்சத்துக்கும் கீழ். புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. கணவர் 50 வயதுக்குள் இருந்தால் வங்கிக் கணக்கிலிருந்தே வருடத்துக்கு 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் போட்டுவிடுங்கள், வண்டி ஓட்டுபவர்.

எட்டு மாதத்தில் சீட்டு முடியும். அந்த 5,000ஐ அடுத்த மாதமே முதலில் கூட்டுறவு வங்கிக் கடனுக்குத் திருப்புங்கள், ஆறேழு மாதத்தில் தீரும். பிறகு அதே 5,000க்கு அஞ்சலகத்தில் ஆர்டி. புதுச் சீட்டு சேர்க்க வருகிறவர் அதற்கு முன்பே வாசலில் நிற்பார்.