குடோன் இருக்கும் பழைய கட்டடத்தை வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் இருபத்தைந்து ஆண்டு பழைய வணிகக் கட்டடம் ஒன்றை வாங்கப் போகிறேன். கீழே துணிக்கடை, முதல் மாடியில் அலுவலகம், இரண்டாம் மாடியில் ஜவுளிக் குடோன். மூன்றிலும் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் பார்த்து அறிக்கை கொடுத்துவிட்டார். இதற்கு மேலும் ஆய்வு தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. கொடுக்கும் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்பதுதான் வங்கிக்காக வருபவரின் கவலை. மேலே அடுக்கியிருக்கும் துணி பேல்களைத் தளம் தாங்குமா என்று அவர் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் கடிதத்தில் என்னை முதலில் உறுத்தியது அந்தக் குடோன்தான்.

கட்டடத் தளங்கள் தாங்க வேண்டிய சுமையை ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதியின் இரண்டாம் பகுதி சொல்கிறது. வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. சில்லறைக் கடைக்கு 4. கிடங்கு என்றால் சரக்கு அடுக்கும் உயரத்தில் மீட்டருக்கு 2.4 வீதம், எப்படியும் 7.5-க்குக் குறையக் கூடாது. வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ கணக்கிட்டுப் போட்ட தளத்தில் பேல் அடுக்கினால் பெரும்பாலும் உடனே ஒன்றும் ஆகாது. அதனால்தான் யாரும் கவலைப்படுவதில்லை. தளம் ஆண்டுக்கணக்கில் மெல்லத் தொய்யும்.

இதைக் குடோனில் நின்று கண்டுபிடிக்க முடியாது. கீழே, அலுவலகத்தின் பால்ஸ் சீலிங்கில் சில பலகைகளைக் கழற்றச் சொல்லுங்கள். டார்ச் அடித்து பீமைப் பாருங்கள், முனைக்கு முனை நூல் பிடித்துத் தொய்வை அளந்து பாருங்கள். பீமின் நடுவில் அடிப்பக்கம் குறுக்கே ஓடும் விரிசல், வளைவதால் வருவது. தூணுக்குப் பக்கத்தில் சாய்வாக ஓடும் விரிசல் அதைவிட மோசம். அதைக் கண்டால் ஸ்டிரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை பேச்சுவார்த்தையை நிறுத்தி வையுங்கள். உள்ளிருக்கும் கம்பி போகும் வழியிலேயே விரிசல் நீளமாக ஓடினால் பெரும்பாலும் துரு. இரும்பு துருப்பிடித்தால் இரண்டு மடங்குக்கு மேல் பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். கழிவறைக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், சன்ஷேடில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே கான்கிரீட் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள்.

கான்கிரீட்டின் மேல் கருவியால் அடித்து, அது எவ்வளவு எம்புகிறது என்று பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர் சோதனை செய்து ‘கான்கிரீட் நன்றாக இருக்கிறது’ என்று எழுதித் தருவார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். பழைய கான்கிரீட்டில் காற்றிலுள்ள கரியமில வாயு ஏறி மேற்பரப்பு இறுகியிருக்கும், கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். சந்தேகம் இருந்தால் சில இடங்களில் கோர், அதாவது துளையிட்டு எடுக்கும் உருளை வடிவக் கான்கிரீட் துண்டு, எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதே சரி.

அப்புறம், அனுமதி பெற்ற வரைபடத்தையும் டேப்பையும் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். இரண்டாம் மாடி வரைபடத்தில் இருக்கிறதா? வாகன நிறுத்தம் என்று காட்டிய இடம் கடையாகிவிட்டதா? பக்கவாட்டில் விட்ட இடம் அப்படியே இருக்கிறதா? சொத்துவரி ரசீதில் உள்ள சதுர அடியும் பயன்பாடும் நேரில் இருப்பதோடு பொருந்த வேண்டும். மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்க வேண்டும். பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, நில அளவைத் துறையின் புலப்படத்தோடு ஒப்பிட, உரிமம் பெற்ற சர்வேயரைக் கூட்டிப் போங்கள்.

ஜவுளி வைத்திருக்கும் இடம் என்பதால் மாடிப்படியையும் கவனியுங்கள். ஒரே படி, அதிலும் பெட்டிகள் அடுக்கியிருந்தால், தீப்பிடிக்கும்போது மேலே இருப்பவர்களுக்கு வழியே இல்லை. இதை நான் எந்த அறிக்கையிலும் முதல் பக்கத்தில்தான் எழுதுவேன்.

வாடகை ஒப்பந்தங்களை வக்கீல் பார்க்கட்டும். அட்வான்ஸ் தொகையைத் திருப்பித் தரும் பொறுப்பு உங்கள் தலையில் வரும் என்பதால் விலையில் கழிக்கக் கேளுங்கள்.

குடோனில் சரக்கு நிரம்பியிருக்கும் வேலைநாளில் ஒரு தடவை போங்கள், நல்ல மழைக்கு மறுநாள் இன்னொரு தடவை. சீலிங் கழற்றவும் கோர் எடுக்கவும் விற்பவரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர் மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.